அம்மாவுக்கு விசுவாசம் வர

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, என் அம்மாவுக்கு விசுவாசம் போதாது என்று சபை முழுவதற்கும் தெரியப்படுத்தியவள் நான்.

அம்மா கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் ரவிக்கைத் துணி வெட்டிக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். அப்பாவுக்குக் கழக்கூட்டத்தில் ஆபீஸ் வேலை. பள்ளி திறந்த மழை நாட்களில் அம்மாவின் வயிற்றில் கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். எடுத்துப் பார்த்தால்தான் எப்படிப்பட்ட கட்டி என்று தெரியுமாம்.

அன்றிலிருந்து யார் போன் செய்தாலும் அப்பா, "ஒண்ணும் இல்ல கேட்டியளா, கர்த்தர் சுகமாக்கியாச்சு" என்று உரக்கச் சொல்வார். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நிற்பார். தண்ணீர்ச் சத்தத்தோடு வேறொரு சத்தமும் கேட்கும். பாட்டுப் பழகுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவோ, என் தலையை நானே பின்னிக்கொள்ளப் பழக்கினாள். மூன்றாம் நாள் கை வலித்தது.

"நீ ஆஸ்பத்திரியிலேருந்து வந்து பின்னி விடு. உனக்குச் சுகமாயிரும்தானே?"

"அது தெரியாது மோளே."

"அப்பா சொல்லுதாரே?"

"அப்பாவுக்கு ஆசை. எனக்கும் ஆசைதான். ஆனா எப்படி ஆனாலும் கர்த்தர் நம்மள விடமாட்டாரு. அது நிச்சயம்." வகிடு கோணல் என்று மறுபடியும் பிரித்துவிட்டாள்.

தெரியாது என்பதும் நிச்சயம் என்பதும் ஒரே வாயிலிருந்து எப்படி வரும்? சந்தேகப்படுகிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்று ஓய்வுநாள் பள்ளியில் படித்திருந்தேன். அம்மா இப்படியே பேசிக்கொண்டிருந்தால் ஆபரேஷனே கெட்டுப்போகுமே! அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபப் பெட்டியில் ஒரு தாள் போட்டேன். 'என் அம்மாவுக்கு விசுவாசம் வர ஜெபியுங்கள். அப்பாவுக்கு நிறைய இருக்கிறது.' கீழே என் பெயர், வகுப்பு, பிரிவு.

போதகர் அதை அப்படியே வாசித்துவிட்டார். இரண்டாவது வாக்கியத்தில்தான் அவர் குரல் தடுமாறியது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பயந்தேன். சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் ஆட்டோவில் நான்தான் அழுதேன்.

"நல்ல ஜெபம்தான் மோளே. எனக்கும் வேணுமே" என்றாள்.

ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலில் அம்மாவின் ஸ்ட்ரெச்சரை நிறுத்தினார்கள். அப்பா கண்ணை மூடி, "கர்த்தாவே, உம்முடைய பிள்ளைய..." என்று தொடங்கினார். அதற்குமேல் வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. அவ்வளவு விசுவாசமுள்ளவருக்கு என்ன ஆயிற்று என்று விழித்தேன். அம்மா படுத்தபடியே கையை நீட்டி அவர் கையைப் பிடித்தாள். மீதி ஜெபத்தை அவளே செய்தாள்.

"இவங்க ரெண்டு பேரும் பயப்படாம இருக்கணும் ஆண்டவரே. நீர் கூட இரும். ஆமென்."

பிறகு நர்ஸைப் பார்த்து, "போலாம் சிஸ்டர்" என்றாள்.

கட்டி பொல்லாததாகத்தான் இருந்தது. சிகிச்சை ஒரு வருடத்துக்கு மேல் நீண்டது. அம்மா பிழைத்தாள். பிழைப்போம் என்பது அவளுக்கு எப்படியோ முன்பே தெரிந்திருக்கிறது, எங்களிடம்தான் மறைத்துவிட்டாள் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.