சிமெண்ட் என்று சொல்லாமல் இருந்திருக்கலாம்

என் நாத்தனார் எதையும் தள்ளிப் பார்க்காமல் நம்ப மாட்டாள். நாற்காலியில் உட்காரும் முன் ஒரு தள்ளு. ஏணியில் கால் வைக்கும் முன் ஒரு தள்ளு. பெண் பார்க்க வந்தவர்களையும் ஏடாகூடமாக ஏதாவது கேட்டு ஒரு தள்ளு தள்ளுவாள். இதுவரை ஒருவரும் நின்றதில்லை.

ஆண்டவன் கொடுத்த வேலையும் அப்படித்தான் அமைந்தது. பல் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் அவள். பல்லின் வேரில் ஓட்டை விழுந்தால் அடைக்கிற பசைகளில் எது கெட்டியாகப் பிடிக்கிறது என்று பார்ப்பாள். பிடுங்கிய பல்லின் வேரைச் சில்லு சில்லாக அறுத்து, நடுத்துளையில் பசையை அடைத்து, இறுகியதும் மெஷினில் வைத்து ஊசியால் தள்ளுவாள். லேசில் பிடியை விடாததுதான் நல்ல பசை.

அந்த முறை பழைய பசைக்கும் புதுப் பசைக்கும் போட்டி. புதுசுதான் ஜெயிக்கும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கொத்தனாரான என் வீட்டுக்காரர், தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்று கவலைப்பட்டே இளைத்தவர். சந்தர்ப்பத்தை விடுவாரா? புதுசு தோற்றால் நான் காட்டுகிற மாப்பிள்ளைக்கு மறுபேச்சில்லாமல் கழுத்தை நீட்ட வேண்டும், ஜெயித்தால் கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்றார். அவளும் சரி என்றுவிட்டாள்.

நான் சாமி முன்னால் கை கூப்பினேன். எந்தப் பசைக்காக வேண்டுவது என்று புரியவில்லை. பொறுப்பைச் சாமி தலையிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

கல்லூரியில் சில்லுகளைக் கதகதப்பாக வைக்கிற பெட்டி பழுதாகிவிட்டது. அதனால் அவற்றை ஈரத்துணியில் சுற்றி, இரண்டு டப்பாக்களில் போட்டு, எங்கள் அடுப்படி அலமாரியில் வைத்தாள். சிவப்பு மூடி பழசு, நீல மூடி புதுசு. அந்த நேரம் பார்த்து அவளுக்கு வெளியூர்ப் பயணம் வந்தது.

"ரெண்டு டப்பாவுலயும் துணி காயக் கூடாதுண்ணா. தினமும் தண்ணி தெளிச்சிடு. இதுவும் ஒரு வகை சிமெண்ட்தான், காஞ்சா பிடி இருக்காது."

திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான். அவள் தலை மறைந்ததும் இவர் கண்ணடித்தார். நீல டப்பாவுக்குத் தண்ணீர் கிடையாதாம். பாவம் சேரும் என்றேன். தங்கச்சிக்காகச் செய்கிற பாவம் கணக்கில் வராது என்றார்.

மறுநாள் சிவப்பு டப்பாவுக்கு மட்டும் தெளித்தார். நீலத்தைத் திறந்து பார்த்தார். துணி விறைக்க ஆரம்பித்திருந்தது. மூடினார். குளித்துவிட்டு வந்து மறுபடி திறந்து பார்த்தார். வேலைக்குக் கிளம்பி வாசல் வரை போனவர், செருப்புக் காலோடு அடுப்படிக்குள் வந்து, நீல டப்பாவிலும் தண்ணீர் தெளித்தார்.

"என்னங்க, பாவத்துக்குப் பயந்துட்டீங்களா?"

"பாவமாவது ஒண்ணாவது. சிமெண்ட்டுன்னு சொல்லித் தொலைச்சிட்டாளே. சிமெண்ட்டைக் காயப் போட்டுட்டுப் போனா எனக்குச் சோறு எறங்குமா?"

அதன்பின் தினமும் இரண்டுக்கும் தண்ணீர். அவள் ஊரிலிருந்து வந்து மெஷினில் தள்ளிப் பார்த்ததில் புதுசே ஜெயித்தது. இவர் முகம் தொங்கிப் போனது.

என் வாயில் எது நிற்கும்? நாத்தனாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இவ்வளவு ஆசைய வச்சுக்கிட்டும் கெடுக்க மனசு வரலை பாருங்க அண்ணி." அண்ணன் பக்கம் திரும்பினாள். "சரி, ஒரே ஒரு மாப்பிள்ளைய வரச் சொல்லு. ஆனா நான் தள்ளித்தான் பாப்பேன்."

அவள் மனம் மாறுவதற்குள் இவர் போனும் கையுமாகத் தெருவில் இறங்கிவிட்டார். நான் சாமி முன்னால் போய் நின்றேன். இந்த முறை யாருக்காக வேண்டுவது என்பதில் குழப்பமே இல்லை. அந்த மாப்பிள்ளைக்காகத்தான்.