வீட்டில் யாராவது புகைத்தார்களா?

மனநல டாக்டரிடம் வருகிறவர்கள் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அதற்கு முன்னால் சொல்லவேண்டிய பொய்யையெல்லாம் படிவம் நிரப்புகிற என்னிடம் சொல்லி முடித்துக்கொள்வார்கள்.

கரையான்சாவடி மெயின் ரோட்டில், ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கிளினிக். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் செருப்பு வாங்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அந்த வசதி உண்டு. ஒன்பது வருடமாக அங்கே முன்மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். பெயர், வயது, தூக்கம், பசி என்று கேட்டுக்கொண்டே வந்து பதினான்காவது கேள்வியில் மாட்டிக்கொள்வேன். சிறுவயதில் வீட்டில் யாராவது புகைத்தார்களா? புகைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று டாக்டர் சொல்வதில்லை. பிள்ளை எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தது என்று பேசத் தொடங்க ஒரு நுனி கிடைக்கும் என்பார். உங்கள் வீட்டிலும் பால்கனியில் ஒருவர் சிகரெட்டோடு நின்றுகொண்டிருந்தால், அந்த நுனியைப் பிடுங்குவது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும்.

வாசப்படி நியாயம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை பார்க்கும் பையனை அவன் அப்பா அழைத்து வந்தார். இருபத்தாறு வயது. நெஞ்சு படபடக்கிறது, நாலு பேர் நடுவில் வாய் திறக்க முடியவில்லை என்று வந்தவன். என்னிடமும் அவன் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் எல்லாக் கேள்விக்கும் அப்பாவே பதில் சொன்னார். பதினான்காவதுக்கு, எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது என்றார். அவர் சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பேனாவால் அதைக் காட்டினேன்.

பையன் தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். ஒரே அறைதான் வீடு. அப்பா பிடிக்கும் இடத்துக்கும் இவன் பாய்க்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. படிப்பு வரவில்லை என்று அவர் திட்டும்போதெல்லாம் கையில் ஒன்று எரிந்துகொண்டிருக்குமாம். இன்றைக்கும் சூப்பர்வைசர் தீப்பெட்டியை எடுத்தால் இவன் பேச வந்ததை விழுங்கிவிடுகிறான். அப்பா அசரவில்லை.

"ஊட்டுக்குள்ள எங்க புடிச்சேன்மா? வாசப்படில நின்னுகினுதானே புடிச்சேன். அது ஊடா?"

இல்லாதவர் தலையில்

நசரத்பேட்டையிலிருந்து வந்த அம்மா ஒருத்தர் நிலத்தை விற்றபிறகு ஒரு கம்பெனியில் துப்புரவு வேலைக்குப் போகிறவர். மகன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். ஆறு மாதமாக அவனுக்கு யாரோடும் பேச்சில்லை, சாப்பாடும் பாதி என்று அழைத்து வந்திருந்தார். புகைத்தது அப்பாதான், செத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது என்றான் மகன். நானும் எழுதிவிட்டேன்.

அவன் உள்ளே போனதும் அந்த அம்மா மேஜைக்கு வந்து, எழுதினதை அடித்துவிடு, சுருட்டுப் பிடித்தது நான்தான் என்றார். கொல்லைப்புறத்தில் பிடித்துவிட்டு, நாற்றம் உன் அப்பனுடையது என்று பிள்ளையிடம் சொல்லியே வளர்த்திருக்கிறார். அந்த நாற்றத்துக்காக அப்பாவை வெறுத்து, அவர் சாகும்வரை மகன் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். இப்போது அதுதான் அவனைத் தின்கிறது. உண்மையை அவனிடம் சொல்லுங்கள், டாக்டர் முன்னாலேயே சொல்லுங்கள் என்றேன். தலையை ஆட்டினார், ஆனால் உள்ளே போகவில்லை.

"செத்தவரு திரும்பி வந்து இல்லேன்னு சொல்லப் போறாரா? நான் இன்னும் உசுரோட கீறனே, என்னாண்ட பேசமாட்டானே."

பதினோரு போன்

ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். வயது முப்பத்தொன்று. லேத் பட்டறையில் இருக்கும் கணவனுக்கு ஒரு நாளைக்குப் பதினோரு முறை போன் செய்து, நன்றாக இருக்கிறாயா என்று கேட்பாள். முதலாளி அவன் போனைப் பிடுங்கி வைத்த அன்று பட்டறை வாசலிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். சின்ன வயதில், ஓயாமல் சிகரெட் பிடிக்கும் அப்பா காலையில் குளியலறைக்குள் இருமி முடிக்கும்வரை கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பாளாம். இருமல் நின்றால் செத்துவிட்டாரோ என்று பயம், தொடர்ந்தால் சாகப்போகிறாரோ என்று பயம். ஸ்கூல் பஸ்ஸை எத்தனையோ நாள் விட்டிருக்கிறாள்.

டாக்டர் அந்த அப்பாவை வரவழைத்தார். ஃபாக்டரியில் ரிட்டையர் ஆனவர், மதுரைப் பக்கம். இருமினது நான்தானே, வியாதி எப்படி இவளுக்கு என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். மகள் கதவோரம் உட்கார்ந்த கதையை உள்ளே கேட்டுவிட்டு வெளியே வந்தவர் சண்டையை விட்டுவிட்டு, சிகரெட்டை நிறுத்த மாத்திரை உண்டா என்று கேட்டுக்கொண்டு போனார்.

மூன்று மாதம் கழித்து அவள் தனியாக வந்தாள். போன் இரண்டாகக் குறைந்திருந்தது. அப்பா சிகரெட்டை விட்டுவிட்டாரா என்று கேட்டேன்.

"இப்ப அவர்தான் நாளுக்கு நாலு தடவை எனக்குப் போன் பண்றார், 'இன்னைக்குப் பிடிக்கலம்மா'ன்னு சொல்ல. அதுல ரெண்டு பொய்னு குரல்லயே தெரிஞ்சிரும்."

என் படிவம்

போன மாதம் படிவத்தைப் புதிதாக அச்சடித்தார்கள். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எங்களையே ஒன்று நிரப்பச் சொன்னார் டாக்டர். ஊர் உலகத்தையெல்லாம் மடக்குகிற நான், பதினான்காவதில் யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதினேன். பக்கத்தில் மருந்து கொடுக்கும் செல்வி எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, போன வாரம் உங்கப்பா சாவி குடுக்க வந்தாரே, அவர் படியேறி முடிக்கிறதுக்குள்ள சிகரெட் வாடை தாங்காம நாங்க எல்லா ஜன்னலையும் தெறந்துட்டோம். அப்பவும் நீங்க ஃபேன் தூசி வாடைன்னுதான் சொன்னீங்க."

புகைக்கிறவர் சிகரெட்டை விடுவதற்காவது எங்களிடம் மாத்திரை இருக்கிறது. அவருக்காகப் பொய் சொல்லும் பழக்கத்தைப் பிள்ளைகள் விடுவதற்குத்தான் இன்னும் ஒன்றும் வரவில்லை.