காலையின் முதல் டோக்கன்

இப்போதெல்லாம் விரல் படுவதற்குள் திரை பதில் சொல்லிவிடுகிறது. சொல்லட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு கண் மருத்துவமனையின் அடித்தளத்தில் சர்வரைக் கட்டி மேய்த்த மனிதரைக் கேட்டுப் பாருங்கள். காத்திருந்த அந்த நாட்களுக்கு இதெல்லாம் ஈடாகுமா என்பார். நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நெஞ்சு இனிக்கும்.

அங்கே எல்லாருக்கும் அவர் 'ஸ்வெட்டர்காரர்'. சர்வர் அறையின் குளிருக்காகப் போட்ட சாம்பல் நிற ஸ்வெட்டரை, வெயில் கொளுத்தும் நாளிலும் கழற்ற மறந்து வீட்டுக்குப் போவார். வேலையில் புலி, பேச்சில் வாயில்லாப் பூச்சி. "வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமாடா?" என்று அவருடைய அக்கா கேட்டுக் கேட்டே அலுத்துப்போயிருந்தாள்.

நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் புரோகிராம் அவர் எழுதியது. ஆனால் அதை எழுப்புவதும், வேலை வாங்குவதும், அனுப்பிவைப்பதும் சர்வரின் பொறுப்பு. மாலையில் சர்வரை நிறுத்தும்போது "போதும், கிளம்பு" என்று அது சொல்ல, புரோகிராம் அன்றைய விவரங்களை ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடும். காலையில் சர்வரைப் போட்டதும் புரோகிராமும் எழுந்துவிடுமா என்றால், அதுதான் இல்லை! யாராவது முதல் டோக்கன் கேட்டால்தான் சர்வர் போய் அதைத் தட்டி எழுப்பும். அது எழுந்து, டேட்டாபேஸைத் திறந்து, டாக்டர்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு வந்து நிற்க அரை நிமிடம் ஆகும். அதன்பின் எத்தனை பேர் வந்தாலும் சளைக்காமல் அதே புரோகிராம் பதில் சொல்லும்.

மேலே பதிவுக் கவுண்டரில் இருந்த பெண், தினமும் முதல் டோக்கனுக்குப் பொத்தானை அழுத்திவிட்டு இன்டர்காமை எடுப்பாள்.

"என்ன சார், உங்க புரோகிராம் இன்னும் தூங்குது. நீங்களும் தூங்குறீங்களா?"

"இதோ, பாக்குறேன்," என்பார். பார்க்க என்ன இருக்கிறது? தானே எழுந்துவிடும். ஆனாலும் பெரிய வைத்தியம் பார்ப்பதுபோல டொக்கு டொக்கென்று கீபோர்டைத் தட்டுவார். அதற்குள் அவள் பேருந்தில் குடையைத் தொலைத்தது, தம்பி பரீட்சையில் கோட்டை விட்டது எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். இவர் "ம்", "அப்படியா" என்பதோடு சரி. அதற்கே நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருப்பார். சர்வர் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தால், அது எழும்போதே புரோகிராமையும் எழுப்பிவிடும். அது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கள்ளன், சேர்க்கவே இல்லை.

மூன்று வருடம் இப்படி ஓடியபின் புதிதாக ஒரு மேலாளர் வந்தார். "காலைல மொதல்ல வர்றவங்க ஏன் சார் காத்து நிக்கணும்? நாளைக்கு இது சரியாயிருக்கணும்," என்றார்.

நியாயமான பேச்சு, மறுக்க முடியுமா? ஆனால் அந்த அழைப்பு நின்றால் அவளோடு பேச வேறு சாக்கே கிடையாது. மனதில் இருப்பதை நேரில் சொல்லிவிடலாம் என்று மதியம் கவுண்டர்வரை போனார். அவள் நிமிர்ந்து "என்ன சார்?" என்றாள். "பிரிண்டர்ல பேப்பர் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். பல் டாக்டரே வந்திருந்தாலும் அன்று அந்த வாய் திறந்திருக்காது. மாலையில் அந்த வரியைச் சேர்த்தார்.

மறுநாள் காலை முதல் டோக்கன் உடனே போனது. இரண்டாவதும் போனது, மூன்றாவதும் போனது. இன்டர்காம் மட்டும் வாயே திறக்கவில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று அவருக்கு அழுகை முட்டியது.

கூட்டம் ஓய்ந்தபின் அது அடித்தது.

"என்ன சார், டோக்கன் உடனே வந்துடுச்சு?" குரலில் கோபம்.

"சரி பண்ணிட்டேன்."

"யாரு கேட்டாங்க உங்கள?"

"மேனேஜர்தான்..."

"அரை நிமிஷம் பொறுத்தா அது தானா எழுந்துக்கும்னு எனக்குத் தெரியாதா? வேலைக்கு வந்த மொத வாரமே தெரியும்."

"அப்போ... எதுக்கு தினமும் கூப்பிட்டீங்க?"

"அடப் பாவமே! மூணு வருஷம் கழிச்சு இதைத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றாள் அவள். "போனை வெச்சுட்டு மேல வாங்க சார்."