முகவாயில் காப்பித்தூள்

இன்று காலை மயிலாப்பூரில் ஒரு மருந்துக்கடை. எனக்கு முன்னால் ஓர் அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மகள் தவறி விழுந்து, முகவாயில் காயம். ரத்தம் நிற்பதற்காக அம்மா அதில் காப்பித்தூளை அப்பிவிட்டிருந்தார்.

"திங்கக்கெழம இவ நகைக்கடையில வேலைக்குச் சேரணும். மூஞ்சில தழும்பு வுழக் கூடாது. அந்த நுரைக்கிற மருந்தைக் குடும்மா."

"பெராக்சைடு வேணாம்க்கா. புதுசா வளர்ற தோலையும் அது கெடுத்துடும்" என்றார் கடைக்காரப் பெண்.

"ஸ்பிரிட் போடுங்கோ. ஒரு கிருமி தங்காது" என்றார் என் பின்னால் நின்ற பெரியவர்.

"அதுவும் அப்படித்தான் சார். இந்தத் தூள் உள்ள தங்கினாதான் சீழ் பிடிக்கும், தழும்பும் நிக்கும். சலைன் ஊத்தி அலசலாம். இல்லேன்னா சுத்தமான தண்ணியே போதும்."

"இன்னா, வெறும் தண்ணியா?" என்றார் அம்மா.

கடைக்காரப் பெண், தான் குடிக்கும் கேன் தண்ணீரைச் சொம்பில் பிடித்துக் கொடுத்தார். வாசலில் மகள் குனிய, அம்மா நிதானமாக ஊற்றினார். நாலாவது சொம்பில் தூள் முழுக்கப் போய்விட்டது. கடைக்காரப் பெண் எட்டிப் பார்த்து, "ஆழமில்லக்கா. டிடி ஊசி மட்டும் போட்டுடுங்க" என்றார்.

அம்மா மகளிடம் கேட்டார்: "எரியுதாடி?"

"இல்லம்மா."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "எரியவே இல்லன்னா எப்டி ஆறும்?"

பெரியவர் தலையாட்டினார். ஒரு நொடி எனக்கும் அதே சந்தேகம் வந்தது.

எரியாத மருந்தை நம்புகிறவர் உங்கள் வீட்டில் யாராவது உண்டா?