ஃப்ரீசரில் ரேடியேட்டர் தண்ணீர்

அந்தக் குளிர்காலத்துக்கு என் கணவரை வடக்கே, துரைஃப் பக்கத்திலிருந்த ஒரு சைட்டுக்கு மாற்றினார்கள். நாங்கள் குடியிருந்த தம்மாமிலிருந்து ஆயிரத்து முன்னூறு கிலோமீட்டர் இருக்கும். மகளுக்கு அப்போது எட்டு மாதம். இரவில் மைனஸ் ஆறு, ஏழுக்கெல்லாம் போகும், நீங்கள் இரண்டு பேரும் தம்மாமிலேயே இருங்கள் என்றார். நான் வருகிறேன் என்றேன். இரண்டு நாள் பேச்சுக்குப் பிறகு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். சைட்டிலிருந்து ஆஸ்பத்திரி அறுபது கிலோமீட்டர். கம்பெனி கொடுத்த டீசல் பிக்கப்பை விட்டால் வேறு வண்டி கிடையாது. ஆகவே, போய்ச் சேர்ந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டி ஸ்டார்ட் ஆனால் நானும் குழந்தையும் அங்கே இருப்போம். ஆகாவிட்டால் தம்மாமுக்குத் திரும்பிவிடுவோம். இந்த நிபந்தனையைப் போட்டது நான்தான். போட்ட கையோடு, கொஞ்சம் கடுமையாகப் போட்டுவிட்டோமோ என்று தோன்றியது. மாற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

நான் வேதியியல் படித்தவள். வண்டி ஓட்டத் தெரியாது. தெரிந்தாலும் அந்த நாட்டில் அன்று பெண்கள் ஓட்ட முடியாது. அதனால் வண்டியோடு வந்த கையேட்டை முழுதாகப் படித்து ஒரு பட்டியல் எழுதினேன். பேட்டரி, ஹீட்டர் பிளக், இன்ஜின் ஆயில், டயர் காற்று, டீசல் ஃபில்டர், ரேடியேட்டரில் உறையாமலிருக்க பாதி கூலண்ட் பாதி தண்ணீர்.

சனாயாவில், அதாவது பட்டறைகள் இருக்கும் தொழிற்பேட்டையில், எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். ராமநாதபுரத்துக்காரர். நானும் குழந்தையும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். பெண்கள் அங்கே இறங்குவதில்லை. கணவர் கொடுத்த பட்டியலை மெக்கானிக் இரண்டு முறை படித்தார்.

"யாருண்ணே எழுதுனது?"

"வீட்ல."

"பரீட்சைக்கா?"

ஆனாலும் எல்லாவற்றையும் செய்துகொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட்டு, பட்டியலை ஜன்னல் வழியாக என்னிடமே நீட்டினார். விடைத்தாளைத் திருத்திக் கொடுக்கிற மாதிரி இருந்தது.

டிக் போட்டதை எப்படி நம்புவது என்று அன்று மாலையே யோசனை வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, கணவருக்கு விடுமுறை. அவரை ரேடியேட்டரிலிருந்து ஒரு பாட்டில், டேங்கிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துத் தரச் சொன்னேன். இரண்டையும் மூடி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். கூலண்ட் விஷம் என்று அரைமணி நேரம் கழித்துத்தான் நினைவு வந்தது. மீனை எடுத்துக் குப்பையில் போட்டேன். ஃப்ரீசருக்குள் எவ்வளவு குளிர் என்று தெரியவேண்டும். வீட்டிலிருந்த ஒரே தெர்மாமீட்டர் குழந்தையின் காய்ச்சல் பார்ப்பது. அது முப்பத்தைந்துக்குக் கீழே இறங்காது. அதனால் மைனஸ் பத்தில் உறைய ஆரம்பிக்கும் அளவுக்கு உப்புக் கரைத்து மூன்றாவது பாட்டில் ஒன்றையும் வைத்தேன்.

மதியம் பார்த்தபோது உப்புத் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது, அதாவது குளிர் மைனஸ் பத்தைக்கூடத் தொடவில்லை. அதற்குள் டீசல் உறைந்த நெய் மாதிரி ஆகியிருந்தது. ரேடியேட்டர் தண்ணீர் கெட்டியான பச்சை ஐஸ்.

கணவர் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார். சட்டையை மாட்டினார். மறுபடி மூன்று பேரும் சனாயா போனோம். மெக்கானிக்குக் கோபமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. பன்னிரண்டு வருஷமாக ரேடியேட்டருக்கு ஒரு மூடி கூலண்ட், மீதி குழாய்த் தண்ணீர் என்றுதான் ஊற்றுகிறாராம். ஐம்பது டிகிரி வெயிலில் ஓடுகிற வண்டிகள். சூடாகுது என்று வருவார்கள், உறையுது என்று இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை என்றார். எல்லாவற்றையும் வடித்துவிட்டு, எங்கள் கண்ணெதிரே அளந்து ஊற்றினார். டீசல் பாட்டிலையும் பார்த்தார்.

"இதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே. வடக்க போனதும் மண்ணெண்ணெய் கலந்துக்கங்க. அங்க எல்லாரும் அப்பிடித்தான் ஓட்டுவாங்க."

அதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

வழியில் பாலைவனத்தில் டீசல் தீர்ந்து குழந்தையோடு நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற எண்ணம் கிளம்பும் அன்று காலை வந்தது. தம்மாமிலேயே இருபது லிட்டர் கேன்கள் நான்கு நிரப்பி, பின்னால் கட்டவைத்தேன். வழிநெடுக பம்ப் இருக்கிறது என்றார் கணவர். இருக்கட்டும் என்றேன்.

இரண்டாம் நாள் மாலை, வடக்கே அரார் என்ற ஊருக்கு வந்தோம். டேங்க் ஏறக்குறைய காலி. டீசலும் மண்ணெண்ணெயும் அங்கேதான் வாங்குவதாகத் திட்டம். தொழுகை நேரம், பம்பை மூடியிருந்தார்கள். அரைமணியில் திறந்துவிடுவார்கள். குழந்தை அழுதுகொண்டிருந்தது. வெளியே காற்று கத்தி மாதிரி வீசியது.

"கேன்ல இருக்கறத ஊத்திட்டுப் போயிடலாம்," என்றேன்.

ஊற்றினார். நான்கு கேனும் காலியானது. மிச்சம் வைக்காமல் கொண்டுவந்ததைப் பயன்படுத்தினோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அன்று இரவே சைட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு, குழந்தையை இரண்டு போர்வையில் சுற்றிக்கொண்டு, எங்களுக்குத் தங்கக் கொடுத்த போர்ட்டா கேபின் வாசலில் நின்றேன். கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பனி. அவர் சாவியைத் திருப்பினார். பேட்டரி நன்றாகச் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை. எட்டு முறை திருப்பினார். பிறகு பானட்டைத் திறந்தார். ரேடியேட்டர் தண்ணீர் பச்சையாக அழகாக ஆடிக்கொண்டிருந்தது.

சைட்டில் மண் அள்ளும் லோடர் ஓட்டும் பெஷாவர்க்காரர் வந்து, கேட்காமலேயே ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை, டீசல் உள்ளேயே உறைந்திருந்தது.

"காஸ் மாஃபி, பாய்?"

இங்கே மண்ணெண்ணெயைத்தான் காஸ் என்பார்கள். மாஃபி, இல்லை என்றார் கணவர்.

நான் சும்மா இருந்திருந்தால் வண்டி பழசு என்று முடிந்திருக்கும். கணவர் அப்படித்தான் ஆரம்பித்தார். இந்த வண்டியை நம்பி உங்களை வைத்துக்கொள்ள முடியாது, மேனேஜரிடம் தம்மாமுக்கு டிக்கெட் கேட்கிறேன் என்றார்.

"வண்டி மேல தப்பில்லைங்க. டேங்க்ல இருக்கறது முழுக்க தம்மாம் டீசல். கேன் கட்டச் சொன்னது நான். ஊத்தச் சொன்னதும் நான்."

அவர் ஃபில்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப யாரத்தான் திருப்பி அனுப்பறது?"

"டீசலை," என்றேன்.

பெஷாவர்க்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர்தான் முதலில் சிரித்தார்.

குழந்தையின் பால் பாட்டிலுக்காக வைத்திருந்த கெட்டிலில் நான் வெந்நீர் போட்டுக்கொண்டே இருந்தேன். அவர்கள் ஃபில்டர் மேலும் குழாய் மேலும் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். லோடருக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் டேங்குக்குள் போனது. வெயில் ஏறி பத்தரைக்கு வண்டி ஸ்டார்ட் ஆனது. கணவர் டியூட்டிக்கு மூன்றரை மணி நேரம் தாமதம். டிக்கெட் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கே எழுந்து, அவரை எழுப்பி, ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொன்னேன். உடனே பிடித்தது. ஒரு நாளை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதால் அதற்கடுத்த நாளும் எழுப்பினேன். மார்ச் வரை எழுப்பினேன்.