லேமினேட் செய்த மருந்துச் சீட்டு

மருந்துச் சீட்டை லேமினேட் செய்து வைத்திருந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, அந்தக் கட்டிங் மாஸ்டர்தான். பல்லடம் ரோட்டில் நான் மருந்தாளுநராக இருக்கும் கடைக்கு அவர் முதலில் வந்தபோது அது வெறும் தாள். மொபெட்டிலிருந்து விழுந்து இடுப்பில் அடி. பத்து நாளைக்கு வலி மாத்திரை என்று டாக்டர் எழுதியிருந்தார். பனியன் துணியை அடுக்கடுக்காக விரித்து, நாள் முழுக்க நின்றபடி மெஷினால் வெட்டுகிற வேலை அவருக்கு. மறுமாதம் அதே சீட்டைப் பளபளவென்று பிளாஸ்டிக் உறைக்குள் நீட்டினார். "சட்டைப் பையில வெச்சா வேர்வையில நைஞ்சு போகுதுங்க. ரேஷன் கார்டு மாதிரி பத்திரமா இருக்கட்டும்னு ஜெராக்ஸ் கடையில போட்டுட்டனுங்க" என்றார்.

நான் சிரித்தேன். தப்பு அங்கேதான் தொடங்கியது. பழக்கமாகிவிடக்கூடிய மாத்திரை அது. கொடுத்ததும் சீட்டில் கடை சீல் வைக்க வேண்டும், அதே சீட்டுக்கு மறுபடி கொடுக்கக் கூடாது, தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். பிளாஸ்டிக்கில் சீல் ஒட்டுமா? அவர் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார், போய்விட்டது. பத்து நாள் சீட்டு இரண்டு வருடம் ஓடியது. ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு வந்ததுபோலப் பதிவேட்டில் எழுதியது என் கைதான். முதலாளி சொல்லித்தான் செய்தேன் என்று தப்பித்துக்கொள்ளலாம், அவர் சொல்லவில்லை. ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒன்றரை ஷிப்ட் நிற்கிற மனிதரை டாக்டரிடம் துரத்துவானேன் என்று பாவம் பார்த்தேன், அவ்வளவுதான். வேளைக்கு ஒன்று இரண்டாகி, இரண்டு நாலானது எனக்குத் தெரியும்.

ஒருமுறை அவர் மனைவி பழனிப் பஞ்சாமிர்தத்தோடு வந்தார். "ஊரே சாயங்காலமானா குடிக்க ஓடுதுங்க. எங்க ஊட்டுக்காரரு ஒரு சொட்டுத் தொடமாட்டாரு. இந்த மாத்திரையோட சரி. நீ நல்லா இருக்கோணும் அம்மிணி" என்றார். பஞ்சாமிர்தத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிறகு அடுத்த தெருவில் ஒரு கடைக்கு மருந்து ஆய்வாளர் வந்து சீல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் மாஸ்டர் சீட்டை நீட்டியபோது, "புதுச் சீட்டு இல்லாம முடியாதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். "என்னுங்க இப்படிச் சொல்றீங்க? நம்ம சீட்டுதானுங்களே" என்று திகைத்து நின்றார். மூன்று நாள் வந்தார். மூன்று நாளும் அதே பதில். சட்டப்படி நான் சொன்னது சரி. ஆனால் இவ்வளவு நாள் தின்ற மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு என்ன பாடுபடும் என்று படித்தவள் நான். டாக்டரிடம் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லைசென்ஸ் நினைப்பில் அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

நான்காம் நாள் காலை அவர் மனைவி ஓடி வந்தார். "கை நடுங்கி மெஷினுக்குள்ள விட்டுருப்பாருங்க. கூட இருந்தவங்க இழுத்துப் போட்டிருக்காங்க. ஊட்ல கெடந்து துடிக்கறாரு அம்மிணி." மனைவி வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, நான் ஆட்டோ பிடித்து மாஸ்டரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன்.

அவர் தேறிவிட்டார். இப்போது வேறு கம்பெனியில் கட்டிங் போடுகிறார். எங்கள் கடைப் பக்கம் வருவதில்லை. இன்றைக்கு நான் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குக் கடைக்கு வருகிறவர்கள் திட்டுகிறார்கள், "ரொம்பத்தான் ரூல் பேசுறீங்க" என்கிறார்கள். பேசட்டும், கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது. எனக்கு உறைப்பது அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வார்டில் நடந்தது மட்டும்தான்.

"எந்தக் கடையில இப்படிக் குடுத்தாங்க? சொல்லுங்க, இன்னும் எத்தனை பேரைக் கெடுப்பாங்களோ" என்று டாக்டர் கேட்டார்.

மாஸ்டருக்குப் பல் கிடுகிடுத்தது. "அங்கங்க வாங்கினதுங்க. பேரெல்லாம் ஞாபகமில்லீங்க."

"கூட வந்திருக்கறது யாரு?"

"என்ற தங்கச்சிங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நல்ல நேரத்துல அண்ணனைக் கொண்டு வந்தீங்கம்மா" என்றார். நான் தலையாட்டினேன்.