வலப்பக்கத்துச் சக்கரங்கள்

தெருவில் அவருக்கு எஞ்சின்காரர் என்று பெயர். நிஜ ரயில் எஞ்சினை அவர் தொட்டதுகூடக் கிடையாது. ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக் அவர். வேலை விட்டு வந்ததும், தலையில் குமிழ் வைத்த பிளாஸ்டிக் கட்டைகளை, குழந்தைகளுக்கென்று கடையில் விற்கிறார்களே அதே கட்டைகளை, மேஜையில் கொட்டிக்கொண்டு நீராவி எஞ்சின் கட்ட உட்கார்ந்துவிடுவார். சும்மா பார்வைக்கு வைக்கும் எஞ்சின் இல்லை. பின்னால் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் சக்கரங்கள் உருள வேண்டும், அவற்றைக் கோர்க்கும் ராடு ஏறி இறங்க வேண்டும், பிஸ்டன் உள்ளே போய் வெளியே வர வேண்டும்.

"மச்சான், பேரன் எடுக்கற வயசுல பொம்மை வெச்சு விளையாடறீங்களே!" என்பான் மனைவியின் தம்பி. சொல்லிவிட்டு அவனே கைப்பிடியைப் பிடித்தால் காபி ஆறும்வரை விடமாட்டான்.

பாழாய்ப்போன பக்கவாதம் வந்து வலது பக்கத்தைச் சாய்த்துவிட்டது. கால் மெல்ல வழிக்கு வந்தது. கைதான் வரவில்லை. கட்டைவிரலை மட்டும் கொஞ்சம் அசைக்க முடிந்தது, அதிலும் தொடு உணர்வு இல்லை. தொழிற்சாலை மேலாளர் நல்ல மனுஷன். "உங்க இடத்துக்கு வேற ஆள் போடல. கை சரியானதும் வாங்க" என்று போனில் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எஞ்சின்காரர் கட்டிலை விட்டு எழுந்தார்.

தனக்குத் தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். புதிதாக ஓர் எஞ்சின். இடது கை பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அழுத்தும் வேலை முழுக்க வலது கட்டைவிரலுடையது. எஞ்சின் முடிந்தால் வேலைக்குப் போவது என்று முடிவு. டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரிந்திருக்கும்போது எதற்குக் கேட்பது?

இந்தக் கட்டைகள் சரியாக அழுந்தினால்தான் ஒன்றையொன்று கவ்வும். அரைகுறையாக உட்கார்ந்தால் தூக்கும்போது உதிர்ந்துவிடும். மாலையில் கட்டுவார், அலமாரி மேல் வைப்பார், மறுநாள் காலையில்தான் தலைகீழாகப் பிடித்து உலுக்கிப் பார்ப்பார். உடனே பார்க்க அவருக்குப் பயம். முதல் வாரம் முழுக்க தினமும் காலையில் பொலபொலவென்று கொட்டியது. அன்றைக்கெல்லாம் அவர் யாரோடும் பேசவில்லை, சாப்பாட்டுத் தட்டைத் தொடவும் இல்லை. பிறகு ஒருநாள் இரண்டு கட்டைகள்தான் விழுந்தன. அதற்கப்புறம் ஒன்றுமே விழவில்லை.

மனிதர் ஆளே மாறிப்போனார். "பாத்தியா? நரம்பு திரும்புது!" என்று மனைவியைக் கூப்பிட்டு உலுக்கிக் காட்டுவார். அவளும் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்து பார்த்து, "ஆமாங்க, கல்லு மாதிரி நிக்குது" என்பாள். தேநீர்க் குவளை இன்னும் வலது கையிலிருந்து நழுவிக்கொண்டுதான் இருந்தது. அதற்குக் குவளையைக் குறை சொன்னார்.

பாய்லர் ஏறியது, புகைபோக்கி ஏறியது, கடைசியில் சக்கரங்களும் ராடுகளும் ஏறின. அன்று மாலையே மேலாளருக்குப் போன் போட்டார். "திங்கக்கிழமை வந்துடறேன் சார். கை பழைய மாதிரி ஆயிடுச்சு." குரலில் அப்படி ஒரு மிடுக்கு.

மறுநாள் காலையில் உலுக்கினார். எதுவும் விழவில்லை. கைப்பிடியை இடது கையால் சுற்றினார். சக்கரங்கள் கால்வாசி உருண்டு, முரண்டு பிடித்து நின்றுவிட்டன.

குனிந்து பார்த்தார். வலப்பக்க ராடும் இடப்பக்க ராடும் ஒரே மட்டத்தில் அழகாக நின்றன. நீராவி எஞ்சினில் அப்படி நிற்கவே கூடாது. ஒரு பக்கத்துச் சக்கரங்கள் மற்றதைவிடக் கால் சுற்று முந்தி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ராடும் ஒரே நேரத்தில் கோடிக்குப் போய் மாட்டிக்கொள்ளும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார் இதை. அவர் கை இழுக்கலாம், நடுங்கலாம், ஆனால் இப்படி வைக்காது.



"ஏம்மா, இங்க வா. இந்தப் பக்கத்தைக் கழட்டி மாட்டினியா?"

அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "அழுத்தும்போது ராடோட மூணு சக்கரமும் கையோட வந்துடுச்சுங்க. அந்தப் பக்கத்தைப் பாத்து அதே மாதிரி வெச்சேன். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தாத்தானே சரின்னு..."

"எதுக்கு அழுத்தின?"

அவள் உள்ளே வந்து மேஜையில் மிஞ்சிக் கிடந்த கட்டைகளை அள்ளிக் குவித்தாள்.

"எப்பலேர்ந்து அழுத்தற?"

"ரெண்டு கட்டைதான் விழுந்துச்சே, அன்னிலேர்ந்து. காலைல நீங்க குளிக்கப் போறப்ப. கொட்டினா நீங்க சாப்பிடறதே இல்லையே. பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியலங்க."

"ஒண்ணுகூடவா நான் அழுத்தினது நிக்கல?"

"நின்னுச்சு. ரெண்டு மூணு நின்னுச்சு."

அவளுக்குப் பொய் சொல்ல வராது. இத்தனை நாள் எப்படிச் சமாளித்தாளோ! கோபப்படலாம் என்று பார்த்தார், கோபம் வரவில்லை. துக்கம்தான் வந்தது.

"உக்காரு. வலப்பக்கம் மூணு சக்கரத்தையும் கழட்டு. கால் சுத்து முன்னால தள்ளி மாட்டு. அழுத்து. இன்னும் நல்லா."

அவள் அழுத்தினாள். கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். எஞ்சின் ஓடியது. ராடு ஏறி இறங்கியது, பிஸ்டன் போய்ப் போய் வந்தது. அவர் இதுவரை கட்டியதில் எதுவும் இவ்வளவு சீராக ஓடியதில்லை.

"நல்லா ஓடுதுங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"உன் கை நல்ல கைம்மா. மேனேஜருக்குப் போன் போட்டுக் கொடு. அந்த இடத்துக்கு வேற ஆளப் பாக்கட்டும்."

மணி அடிக்கத் தொடங்கியதும் அவள் போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.